சாரா டீச்சர் சொன்ன குறை

தேவசிகாமணி வாசித்த எதையும் சாரா இதுவரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கல்யாணமான புதிதில்கூடச் சொன்னதில்லை. அந்த நாட்களில் புருசன் மனம் குளிர எந்தப் பெண்டாட்டியும் ஒரு பொய்யாவது சொல்லி வைப்பாள். இவள் அதையும் சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு மைதானமே எழுந்து நின்று கைதட்டி ஓய்ந்திருக்கும். அவர் கிடாரைக் கழற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார். சாரா துண்டை நீட்டிக்கொண்டே, "மூணாவது பாட்டுல தாளத்த முந்தி ஓடிட்டீங்க. டிரம்ஸ் வாசிக்கறவன் பாவம், நாக்குத் தள்ளப் பின்னாலயே ஓடியாந்தான்" என்பாள்.

அவர் சிரிப்பார். அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். "கைதட்டறவங்க எல்லாம் கண்ணுல கேக்கறாங்க. நீ ஒருத்திதான் காதுல கேக்கற" என்பார். சாரா மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னமும் அவள்தான் ஆர்கன் வாசிக்கிறாள். பாடகர் குழுவில் யாராவது ஒரு நூல் இறங்கிப் பாடினாலும் அவள் கழுத்து தானாகத் திரும்பிவிடும். எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் நின்றவருக்கு அன்றைக்கு ஜெபத்தில் மனம் நிற்காது.

தேவசிகாமணி ஏற்காட்டு மலையில் தலைச்சோலையில், எஸ்டேட் கணக்கெழுதும் ஒரு ரைட்டரின் மகன். ராக் என்றால் நம்மூரில் முக்கால்வாசிப் பேருக்குப் பாறை என்று மட்டுமே தெரிந்திருந்த காலத்தில், கோயில் கிடாரில் தானாகவே விரல் பழகினார். பிறகு பெங்களூர் போய், 'ஹேர்பின்' என்று ஒரு குழுவைச் சேர்த்து, தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு மேடை ஏறினார். சினிமாப் பக்கம் போகவில்லை. டிவியில் வந்ததும் குறைவு. ஆனாலும் ஒருவர் கேசட்டிலிருந்து இன்னொருவர் பதிந்துகொண்டு, அது கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால், பேரப்பிள்ளை எடுத்த ஆண்கள் கண் கலங்குகிறார்கள். சொந்த மலைக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவர் வாசிப்பில் ஒரு இடம் உண்டு. 'அடிவாரம்' என்ற பாட்டின் முடிவில் மோதிர விரலால் ஒரு கம்பியை அழுத்தி, மெல்ல மெல்ல மேலே தள்ளுவார். சத்தம் ஏறும். போதும் என்று நாம் நினைக்கிற இடத்தைத் தாண்டியும் ஏறும். பிறகு உச்சியில் போய் அசையாமல் நிற்கும். சேலத்திலிருந்து ஏற்காடு வர இருபது கொண்டை ஊசி வளைவு; டிரைவர்கள் பேச்சில் பெண்டு. கடைசி வளைவில் ஜீப் முக்கி முனகி ஏறி, சட்டென்று சமதரை வந்ததும் வயிற்றுக்குள் ஒரு நிம்மதி பரவுமே, இது அதுதான் என்று மஞ்சக்குட்டை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு 'இருபதாவது பெண்டு' என்று பேர். கிடார்காரர்கள் கம்பியை வளைப்பதையும் பெண்டு என்றுதான் சொல்வார்கள் என்பது பேர் வைத்தவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தாலும் பேர் பொருந்திவிட்டது.

அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சாரா குறை சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. பேசாமல் இருந்துவிடுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அந்த மோதிர விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் காப்பித் தம்ளர் நழுவியது. பிறகு சட்டைப் பித்தான் போடச் சாராவைக் கூப்பிட வேண்டி வந்தது. பிறகு கம்பியை அழுத்தினால் அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. சேலத்தில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். "நரம்புங்க. வயசும் ஆயிருச்சு. இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம். போனது திரும்ப வருமான்னு என்னயக் கேக்காதீங்க" என்றார். நல்ல மனுசன், மறைக்காமல் சொன்னார்.

மலை ஏறி வீட்டுக்கு வந்ததும் தேவசிகாமணி கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஆள் இருக்கிற சத்தமே இல்லாமல் போனது. வராந்தாவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். சாப்பிட வாங்க என்றால் வருவார், பிசைவார், எழுந்துவிடுவார். சாரா வேண்டுமென்றே வீட்டு ஆர்கனில் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்திப் பார்த்தாள். முன்பானால் குளியலறையிலிருந்துகூடக் குரல் வரும். இப்போது அவர் திரும்பவில்லை. சாராவுக்குப் பயம் வந்துவிட்டது. அவர் கிடார் வாசிக்காமல் இருந்தால் செத்துப்போய்விடுவார் என்று நினைத்தாள். மிகையாக நினைக்கிற பொம்பளை இல்லை அவள். ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒருநாள் காலையில் அவளே பெட்டியைத் திறந்து கிடாரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "தூசி படியுதுங்க. தொடைச்சாவது வைங்க" என்றாள். துடைத்தார். துடைத்த கை சும்மா இருக்குமா, வாசித்தார். அது எப்படி இருந்தது என்று சொல்லாமல் விடுவதே நல்லது. சாரா சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். அன்றைக்கு மத்தியானம் அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் பிரபாகர் வந்தான்.

பிரபாகர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஜீப் ஓட்டுகிறவன். ரசிகர் மன்றத் தலைவனும் அவனே. ஜீப்பின் முதுகில் எல்லோரும் சாமி பேரோ பிள்ளை பேரோ எழுதுவார்கள்; அவன் 'இருபதாவது பெண்டு' என்று எழுதி வைத்திருக்கிறான். தேவசிகாமணி வாசித்ததையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்துத் தானும் கிடார் கற்றுக்கொண்டு, சுமாருக்கு மேலாகவே வாசிக்கிறான். மன்றத்து ஆட்கள் நாலைந்து பேரோடு வந்து, கால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே விசயத்தைச் சொன்னான். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காய வைக்கிற களம் அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கிறது. முதலாளி கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அங்கே அய்யாவுக்குப் பாராட்டு விழா. பெங்களூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். பட்டம் தரப்போகிறோம். பட்டம் 'நரம்பிசை வேந்தன்'.

சாராவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. யாழ் நரம்பு, வீணை நரம்பு என்று பள்ளிக்கூடத்தில் அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இவர்கள் பாவம், அந்த நரம்பைத்தான் சொன்னார்கள்.

"கை வரலப்பா பிரபாகர். இந்த விரல் செத்துப்போச்சு. என்னால வாசிக்க முடியாது" என்றார் தேவசிகாமணி.

பிரபாகர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினான். "நான் சொல்லல? நெறகொடம் தளும்பாது. இத்தன பெரிய மனுசன் என்ன வார்த்தை சொல்றாரு, கேட்டுக்கங்க."

"இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன்."

"பெங்களூர்லயும் இதேதானுங்கய்யா சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாதுங்க, ஏதோ தட்டறேன், பொறுத்துக்கங்கன்னு. அப்பறம் என்ன பண்ணுனீங்க? ஒரு ஆள எந்திரிச்சுப் போக உடலியே."

அது உண்மை. எல்லா மேடையிலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். நம்மவர்களில் தெரிந்தவன் தெரியாது என்றுதான் தொடங்க வேண்டும், அது சபைக்குக் காட்டுகிற மரியாதை. தெரியும் என்று சொல்கிறவனைத்தான் நாம் சந்தேகப்படுவோம். வாழ்நாள் முழுக்க மரியாதைக்குச் சொன்ன பொய் இப்போது நிஜமாகிவிட்டது. ஆனால் அதை நிஜமென்று நம்ப வைக்க அவரிடம் வேறு வார்த்தை இல்லை.

சாரா முன்னால் வந்தாள். "கண்ணு பிரபாகர், நான் சொல்றதக் கேளு. அவரு அடக்கத்துல சொல்லல. வாசிப்பு நல்லா இல்ல. நொம்ப மோசமா இருக்குது. நான் தெனமும் கேக்கறேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. பிரபாகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "டீச்சரம்மா, உங்க வாயால நல்லா இருக்குதுன்னு வந்தா அன்னிக்கு ஏற்காட்டு ஏரி வத்திப்போயிருமுங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

எப்படித் தெரியாமல் இருக்கும். தேவசிகாமணியே பேட்டிக்குப் பேட்டி சொன்னதுதானே. என் சம்சாரத்துக்கு மட்டும் என் வாசிப்பு பிடிக்காது என்று அவர் சொல்லிச் சிரிக்கிற வீடியோ ஒன்று ரசிகர்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது. சாரா டீச்சர் சொல்கிற குறை அவர்களுக்கு வழக்கமான நகைச்சுவை. புலி வருது புலி வருது கதைதான். புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று இரண்டு பேரும் இத்தனை காலமாகப் புலியைக் கூப்பிட்டு வைத்துவிட்டார்கள்; இப்போது புலி வாசலில் வந்து நிற்கிறது, ஊரோ சிரிக்கிறது. சாராவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். போட்ட காப்பியையும் பிரமாதம் என்றார்கள்.

தேவசிகாமணி விழாவுக்கு ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவர் சாராவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சில நாள் காலைல விரல் வருது சாரா. மேடை ஏறுனா வந்தாலும் வந்துரும்."

"வந்தாச் சந்தோசந்தானுங்க."

"வரலைன்னா நீ சொல்லிரு. நீ சொன்னா அன்னியோட நிறுத்திக்கறேன். கிடாரக் கோயிலுக்குக் குடுத்தர்றேன். நல்லா இருந்துச்சுன்னா சேலத்துல கச்சேரிக்குக் கூப்புடறாங்க, அதுக்குப் போலாம். மத்தவங்க என்ன சொன்னாலும் எனக்கு அது கணக்கில்ல. நீ சொல்றதுதான்."

"ஏனுங்க, இத ஏன் என் தலைல கட்டறீங்க?"

"உன் தலைல கட்டாம? நீதான பொய் சொல்ல மாட்ட" என்றார் அவர். சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாராவுக்குத்தான் அதன் பிறகு நிம்மதி போனது. ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாலும் அதே நினைப்பு, வெங்காயம் உரித்தாலும் அதே நினைப்பு. நல்லா இல்லை என்று சொன்னால் கிடார் கோயிலுக்குப் போய்விடும், அவர் வராந்தாவுக்குப் போய்விடுவார். பெட்டி பூட்டியிருந்த நாட்களை அவள் பார்த்திருக்கிறாள், இன்னொரு தடவை பார்க்க அவளால் முடியாது. சரி, நல்லா இருந்தது என்று சொல்லிவிடலாம் என்றால், அது அதைவிட மோசம். இத்தனை வருசமாகச் சொல்லாத வார்த்தையை இன்றைக்குச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடாதா. சாராவே பாராட்டுகிற அளவுக்குப் போய்விட்டோமா என்று அந்த நிமிசமே தெரிந்துகொள்வார். அவள் வாயில் எந்த வார்த்தை வந்தாலும் அது அவரைக் கொல்லும். இப்படி ஒரு இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீரே ஆண்டவரே என்று முழங்காலில் நின்றாள். 

விழா நாள் மத்தியானம் வெயில் பளிச்சென்று அடித்தது. காப்பிக் களத்தின் சிமெண்டுத் தரையில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கறுப்புப் பனியனில் அவர் படம் போட்டவர்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள். பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள், கிளியூரிலிருந்து நடந்தே வந்தவர்கள், எஸ்டேட்டில் வேலை செய்கிற பெண்கள் என்று களம் நிறைந்துவிட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். அதன் மேலேயே கிடாரை மாட்டச் சொன்னார்கள், படம் எடுக்க. பொன்னாடை வழுக்கி வழுக்கி விழுந்தது. ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் பட்டத்தை வாசித்தார். "இவருடைய நரம்பில் ஓடுவது ரத்தமன்று, ராகம்" என்றார். சாரா முன்வரிசையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

தேவசிகாமணி மைக்கைப் பிடித்தார். "எனக்கு ஒண்ணும் வாசிக்க வராதுங்க. பொறுத்துக்கங்க." கூட்டம் ஆர்ப்பரித்தது. தங்களுக்கு வேண்டிய முதல் வரி கிடைத்துவிட்ட சந்தோசம் அவர்களுக்கு.

மேடையில் மூன்று பாட்டு என்று பேச்சு. பிரபாகர் பக்கத்தில் இன்னொரு கிடாரோடு துணைக்கு உட்கார்ந்திருந்தான். முதல் பாட்டு மெதுவானது, இரண்டு விரலிலேயே ஓட்டிவிடலாம். ஓட்டினார். சாராவுக்குச் சின்னதாக ஒரு ஆசை துளிர்த்தது. வந்துவிடுமோ? இன்றைக்கு மட்டுமாவது வந்துவிடுமோ? கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளை அறியாமலே தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது 'அடிவாரம்'. தொடக்கம் தட்டுத் தடுமாறி நகர்ந்தது. பிறகு அந்த இடம் வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் மோதிர விரலைக் கம்பியில் வைத்தார், அது பத்தவில்லை என்று நடுவிரலையும் சேர்த்து வைத்தார், தள்ளினார். சத்தம் ஏறியது. பாதியில் நின்றது. அங்கேயே நடுங்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவர் நெற்றி நரம்பு புடைத்தது. சாராவின் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. திரும்பிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

தேவசிகாமணி நின்ற அந்தப் பக்கமாக, அடுத்த நாற்காலியில் நரைத்த முடியைக் கொண்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், பெங்களூர்க்காரர். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "பாத்தீங்களாம்மா? முன்னெல்லாம் போய்ச் சேந்துருவாரு. இப்ப சேர வேண்டாம்னு அவரே விட்டுர்றாரு. இந்த ஞானம் எல்லாருக்கும் வராதும்மா" என்றார். களம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. யாரோ ஒரு பெண் குலவையே போட்டுவிட்டாள்.

சாராவுக்கு அந்தக் கொண்டைக்காரரை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்து, அது ஞானம் இல்லையடா, விரல் வரவில்லை, என் புருசன் அங்கே நின்று தவிக்கிறார், உனக்குக் காது இல்லையா என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த ஆள் மேல் என்ன தப்பு? அவர் நேசிக்கிறார். வெறுக்கிறவனிடம் வாதாடலாம், நேசிக்கிறவனிடம் போய் என்னவென்று சொல்வது?

மேடையில் தேவசிகாமணி மைக்கில் குனிந்தார். "மன்னிச்சுக்கங்க. விரல் வரல" என்றார். கைதட்டல் இன்னும் பெரிதானது. அவர் கண் கூட்டத்தில் துழாவியது. சாராவைத்தான் தேடுகிறார். அந்தக் கண் வந்து தன் மேல் படுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

களத்துக்குப் பின்னால் பல்ப்பர் ஷெட். காப்பிப் பழத்துத் தோல் உரிக்கிற மெசின் மூடிக் கிடந்தது. புளித்த தோலின் வாடை இன்னும் போகவில்லை. சாரா சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். முந்தானையைத் தலையோடு சுற்றி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அது போதாதென்று வாய்க்குள் ஒரு கீர்த்தனையை முனகினாள். காதை வைத்துப் பிழைத்தவள் அவள். தன் புருசன் வாசிக்கும்போது அந்தக் காதை அவள் பொத்தியது அதுதான் முதல் தடவை. குழாயைத் திறந்துவிட்ட அன்றுகூடக் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஏதோ அதிர்வது மட்டும் சாக்கு வழியாக உடம்பில் தெரிந்தது.

அதிர்வு நின்ற பிறகு முந்தானையை எடுத்தாள். கைதட்டல் ஓய்ந்துகொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீஸ் பக்கம் நடந்தாள். அங்கேதான் அவரை உட்கார வைத்திருப்பார்கள். நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும், இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. பாராட்டவும் வேண்டாம், உண்மையும் வேண்டாம். எப்போதும் சொல்கிற மாதிரி ஒரு சின்னக் குறை சொல்லிவிட்டால்? சின்னக் குறை என்றால் மற்றதெல்லாம் சரி என்றுதானே அர்த்தம். கடைசிப் பாட்டு 'ஆரஞ்சு லாரி'. வேகமான பாட்டு, அதில் அவர் ஓடாத நாள் கிடையாது. விரல் எப்படி இருந்தாலும் ஓடியிருப்பார். சாரா பொய் சொல்லப் பழகாதவள். அதனால் வழி நெடுக அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஆபீஸ் அறையில் அவர் தனியாக இருந்தார். பொன்னாடையை மடித்து மேசை மேல் வைத்திருந்தார். இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சொல்லு."

சாரா துண்டை நீட்டினாள். "மொதப் பாட்டு பரவால்லீங்க. 'அடிவார'த்துல, நேத்து ராத்திரிக் குளுருக்கு விரல் கொஞ்சம் புடிச்சுக்கிச்சு, அது போகப் போகச் சரியாயிரும். ஆனா 'ஆரஞ்சு லாரி'ல வழக்கம்போல ஓடிட்டீங்க. நடுவுல. எத்தன வருசமாச் சொல்றேன், லாரி கவுந்துரும்னு. கேட்டாத்தான்?"

குரல் அச்சு அசலாக வந்துவிட்டது. சலிப்பு, அதட்டல், எல்லாம் சரியாக இருந்தது. சாராவுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியது. இனி அவர் சிரிப்பார், சோறு கேட்பார், சேலத்துக்குப் போவோம், அதற்குப் பிறகு வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "ஓடுனனா?" என்றார்.

"ஆமாங்க."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

தேவசிகாமணி துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சாரா தாங்கியிருப்பாள்.

"'ஆரஞ்சு லாரி' நான் வாசிக்கல சாரா. விரல் மடங்கிக்கிச்சு, விரியவே இல்ல. பிரபாகர்கிட்ட கண்ணக் காட்டுனேன். அவன்தான் முழுசும் வாசிச்சான். நான் கம்பி மேல கைய வெச்சுட்டுச் சும்மா நின்னேன். சீடனுக்கு வழி உட்டுட்டாருன்னு அதுக்கும் கைதட்டுனாங்க."

சாரா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்க இருந்த?"

"பொறத்தால. ஷெட்டுல."

"கேக்கலியா?"

"கேக்கலீங்க. காதப் பொத்திக்கிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார், சரி சரி என்கிற மாதிரி. சாரா அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கறுப்புப் பனியன் பையன்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் 'அடிவார'த்தின் அந்த இடத்தை வாயாலேயே பாடிக் காட்டினான். பாதிவரை ஏற்றி, சரியாக அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தி, குரலை நடுக்கினான். மற்றவர்கள் ஆகா ஆகா என்றார்கள். இனி அதை அப்படித்தான் எல்லோரும் பழகப்போகிறார்கள் என்று சாராவுக்குப் புரிந்தது.

"அப்ப இத்தன பேருல யாருதான் சாரா கேட்டாங்க?" என்றார் தேவசிகாமணி.

சாரா அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கதவைத் தட்டிவிட்டுப் பிரபாகர் தலையை நீட்டினான். முகமெல்லாம் பூரிப்பு. சேலத்திலிருந்து ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள், தேதி கேட்கிறார்கள், எல்லோரும் அய்யாவோடு படம் எடுத்துக்கொள்ள நிற்கிறார்கள் என்றான். பிறகு சாராவின் பக்கம் திரும்பி, வழக்கமான குறும்போடு கேட்டான். "டீச்சரம்மா இன்னிக்கு என்ன கொறை சொன்னாங்க?"

சாரா வாயைத் திறந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வார்த்தை வருவதற்குள் தேவசிகாமணி முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றார் அவர். "சாராகிட்ட இன்னிக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

பிரபாகரின் கண் அகன்றது. அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சாராவின் ஈரக் கன்னத்தைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் "இரு கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஓடினான். மைக் இன்னும் அணைக்கவில்லை போலிருக்கிறது. களம் முழுக்க அவன் குரல் தழுதழுத்துக்கொண்டு கேட்டது. டீச்சரம்மா ஒரு குறைகூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டு நிற்கிறார்கள், நானே என் கண்ணால் பார்த்தேன் என்றான்.

கைதட்டல் எழுந்தது. அன்று முழுக்க எழுந்த எதையும்விடப் பெரிதாக எழுந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அது சாராவுக்கு.